காய்ச்சலோடு வயிற்றுப்போக்கு: "உடனே நிற்கும்" என்று தந்த மாத்திரையை அண்ணனுக்குக் கொடுக்கலாமா?

கூடலூர்க்காரி:

வணக்கம், கொஞ்சம் அவசரம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். என் அண்ணனுக்கு 52 வயது. கம்பம்மெட்டு தாண்டி வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டத்தில் கங்காணி வேலை. வாரம் பூராவும் அங்கேயே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், தங்கிவிட்டு சனிக்கிழமை இறங்கி வருவார். நேற்று மதியம் ஜீப்பில் கொண்டுவந்து வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போனார்கள், ஆள் துவண்டு போயிருந்தார். முந்தின நாள் ராத்திரியே வயிற்றால் போக ஆரம்பித்திருக்கிறது. முதலில் தண்ணீராகத்தான் போயிற்று, இன்று காலையில் சளி மாதிரி வந்தது என்கிறார். காய்ச்சல் 102 வரைக்கும் ஏறுகிறது, பாராசிட்டமால் போட்டால் இறங்கி மறுபடி ஏறுகிறது. வயிற்றைப் பிசைந்து எடுக்கிற வலி, போய்விட்டு வந்து உட்கார்ந்தால் திரும்பவும் போகவேண்டும் போல இருக்கிறதாம். வாந்தி ஒரு தடவையோடு நின்றுவிட்டது.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெடிக்கலில் விவரம் சொன்னதும் ஒரு கவரில் நாலு விதமான மாத்திரையைப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். இரண்டுக்கு அட்டையில் பெயர் இருக்கிறது, மற்ற இரண்டும் வெட்டிக் கொடுத்தவை, என்னவென்றே தெரியவில்லை. "இதைப் போட்டால் உடனே நிற்கும்" என்று தனியாகச் சொல்லித் தந்தது லோபெரமைடு. இன்னொன்று ஆஃப்லோக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்தது. நான் இன்னும் எதையும் கொடுக்கவில்லை.

அவருக்கு சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. சுகருக்கு மெட்ஃபார்மின், பிரஷருக்கு டெல்மிசார்ட்டன் என்று போட்டுப் பக்கத்தில் "எச்" என்று இருக்கிற மாத்திரை காலையில் ஒன்று. இன்றைக்கும் இரண்டையும் போட்டுவிட்டார்.

நிறுத்துகிற மாத்திரையைக் கொடுக்கலாமா? ஓ.ஆர்.எஸ். பவுடரில் சர்க்கரை இருக்கிறதே, சுகர் ஆள் குடிக்கலாமா? அண்ணி சோறு கொடுத்தால் இன்னும் போகும் என்று டீத்தண்ணியும் ரஸ்க்கும்தான் கொடுக்கிறார், அது சரியா? பக்கத்து வீட்டில் எல்லோரும் ஒரு பாட்டில் ஏற்றிவிட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவார் என்கிறார்கள். இன்று ஞாயிறு, எந்த கிளினிக்கும் இல்லை. கம்பம் ஜி.எச். போவதா, நாளை வரைக்கும் பார்ப்பதா?

ஏலக்காட்டு ஜீப்:

அக்கா, மாத்திரை விஷயம் படித்தவர்கள் சொல்லட்டும். நான் அந்த ரோட்டில்தான் தினமும் ஆள் ஏற்றி இறக்குகிறேன், அதனால் ஒன்றை மட்டும் முதலில் கேட்டுச் சொல்லுங்கள். இந்த வாரம் அண்ணன் நின்ற தோட்டத்தில் மருந்து அடித்தார்களா? அவர் மருந்து கலக்கினாரா, அல்லது அடித்த செடிக்குள் உடனே காய் எடுக்க ஆளை இறக்கினார்களா? ஏலத்துக்கு அடிக்கிற சில பூச்சிமருந்து உடம்பில் ஏறினாலும் வாந்தியும் வயிற்றாலும் போகும். எங்கள் வண்டியில் ஒரு தடவை ஒரு பெண்ணைக் கொண்டு போனோம், வயிற்றுப்போக்கு என்றுதான் எல்லோரும் நினைத்தோம், ஆனால் வாயில் எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது, வியர்வை ஆறாக ஊற்றியது, கண்பாவை கடுகு மாதிரி சுருங்கிவிட்டது. கட்டப்பனையில் டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தவுடனே தோட்டத்தில் என்ன மருந்து அடித்தீர்கள் என்றுதான் கேட்டார். அதனால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் தோட்டத்தில் வேலை என்பதை வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள், அவர்களாகக் கேட்க மாட்டார்கள்.

இன்னொன்று தண்ணீர். பல லயங்களில் குடிக்கவும் சமைக்கவும் படுதாக்குளத்துத் தண்ணீரைத்தான் குழாய் போட்டு இறக்குகிறார்கள். செடிக்குப் பாய்ச்சப் படுதா விரித்துத் தேக்கி வைத்த தண்ணீர் அது, மழையில் மேட்டில் இருப்பதெல்லாம் அதில்தான் வந்து இறங்கும். அவரோடு தங்கியிருந்தவர்களில் வேறு யாருக்காவது இதேபோல ஆகியிருக்கிறதா என்று போன் போட்டுக் கேளுங்கள்.

தேவாரம் வாசி:

பயப்படாதீர்கள் தங்கச்சி. எங்கள் வீட்டில் தலைமுறையாக இதற்கு ஆஸ்பத்திரி போனதில்லை. மாமியார் ஊர் நெடுங்கண்டம் பக்கம், அங்கே கட்டன் சாயாவைத் திக்காகப் போட்டு அதில் அரை மூடி எலுமிச்சை பிழிந்து கொடுப்பார்கள், ஒரு மணி நேரத்தில் வயிறு கட்டும். இல்லையென்றால் மாதுளைத் தோலைக் காயவைத்துப் பொடித்து மோரில் கலந்து கொடுங்கள். கொய்யாக் கொழுந்தை மென்று சாறை விழுங்கினாலும் கேட்கும். கூடவே இளநீர் எவ்வளவு முடியுமோ அவ்வளவு. இங்கிலீஷ் மருந்தே வேண்டாம், அதிலும் அந்தக் கவர் மாத்திரையைத் தூக்கிப் போடுங்கள், அதில் மட்டும் நான் உறுதியாக இருக்கிறேன்.

எல்லையோர டாக்டர்:

கேரள எல்லையை ஒட்டிய ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கிறேன், மழைக்காலத்தில் தோட்டத்திலிருந்து இப்படி இறங்கி வருகிறவர்கள் எங்களுக்கு வாடிக்கை. ஆளைப் பார்க்காமல் இது இன்ன நோய் என்று சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் கேட்டதற்கெல்லாம் தெளிவாகவே பதில் உண்டு. கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்கிறேன்: இன்றே, இப்போதே கம்பம் ஜி.எச்.சுக்குக் கூட்டிப் போங்கள். 102 காய்ச்சல், சளி, கடுப்பு, அதற்கு மேல் சுகரும் பிரஷர் மாத்திரையும். நாளை வரைக்கும் வைத்துப் பார்க்கிற நிலைமை இல்லை. வண்டி கிடைக்காவிட்டால் 108.

லோபெரமைடு கொடுக்காதீர்கள். அது குடலின் அசைவைக் குறைக்கிற மருந்து, கிருமியை ஒன்றும் செய்யாது. காய்ச்சல் இல்லாமல் வெறும் தண்ணீராகப் போகிற பெரியவர்களுக்கு, தவிர்க்க முடியாத பயணம் என்றால், ஓரிரண்டு போட்டுக்கொள்வதில் பெரிய தப்பில்லை. காய்ச்சலோ சளியோ ரத்தமோ சேர்ந்துவிட்டால் கதை வேறு. ஷிகெல்லா, கேம்பைலோபாக்டர், சால்மொனெல்லா மாதிரியான கிருமிகள் குடல் சுவருக்குள்ளேயே புகுந்து புண்ணாக்கியிருக்கலாம். அப்போது அசைவை நிறுத்தினால் கிருமி உள்ளேயே தங்கும், காய்ச்சல் நீளும், அரிதாகப் பெருங்குடல் ஊதி உயிருக்கே ஆபத்தாகும். உங்கள் அண்ணன் சொல்கிற, போய்விட்டு வந்தும் திரும்பப் போகவேண்டும் போல இருக்கிற அந்தக் கடுப்பு பெருங்குடல் புண்ணுக்கே உரிய அடையாளம். அதனால்தான் நிறுத்துகிற மாத்திரை என்றதும் எனக்குப் பதறுகிறது.

ஆஃப்லோக்சசின் கலவையும் வேண்டாம். கிருமி மருந்தே தேவைப்படாது என்று சொல்லவில்லை, இவருக்குத் தேவைப்படலாம். ஆனால் எதைக் கொடுப்பது என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும். நம் நாட்டில் ஷிகெல்லாவும் டைபாய்டு கிருமியும் அந்த வகை மருந்துக்கு அடங்குவது ரொம்பக் குறைந்துபோய்விட்டது. உலக சுகாதார நிறுவனம் மருந்துக்கு அடங்காத கிருமிகள் என்று 2024ல் வெளியிட்ட பட்டியலில் இந்த இரண்டும் உயர் முன்னுரிமைப் பிரிவில் இருக்கின்றன. சுகர் மாத்திரை போடுகிறவர்களுக்கு ஆஃப்லோக்சசின் குடும்பத்து மருந்துகளால் ரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடவும் கூடும். கூடச் சேர்த்திருக்கிற ஆர்னிடசோல் அமீபாவுக்கானது. அமீபா சீதபேதி பெரும்பாலும் மெதுவாகத் தொடங்கும், இப்படி ஒரே ராத்திரியில் 102 காய்ச்சலோடு பாய்வது அதற்கு வழக்கமில்லை. எதுவாக இருந்தாலும் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் ஒரே மாத்திரையில் போட்டு விற்கிறார்கள், அவ்வளவுதான்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன், இதைத்தான் வீட்டில் யாரும் யோசிப்பதில்லை. அவர் தினமும் போடுகிற மாத்திரைகள். டெல்மிசார்ட்டன் பக்கத்தில் இருக்கிற "எச்" என்பது நீரைப் பிரித்து வெளியேற்றுகிற மருந்து. ஒரு பக்கம் பேதியில் நீர் போகிறது, இன்னொரு பக்கம் மாத்திரையும் சேர்ந்து நீரை இறக்குகிறது. டெல்மிசார்ட்டன் சாதாரண நாளில் கிட்னிக்கு நல்லது செய்கிற மருந்துதான், உடம்பில் நீர் வற்றிக் கிடக்கும்போது அதுவே கிட்னிக்குப் போகிற ரத்த அழுத்தத்தை இன்னும் குறைத்துவிடும். கிட்னி இப்படித் தடுமாறும்போது மெட்ஃபார்மின் வெளியேறாமல் உடம்பில் தேங்கி ரத்தத்தில் அமிலம் ஏறலாம். ஆகவே நாளைக் காலை மாத்திரையைப் பழக்கதோஷத்தில் எடுத்துக் கொடுத்துவிடாமல், எல்லா அட்டையையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் காட்டி, எதை எத்தனை நாள் நிறுத்தவேண்டும் என்று கேளுங்கள். இதைப் படிக்கிற மற்ற சுகர்காரர்களுக்கும் சொல்கிறேன், டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும், சாப்பாடு இல்லாமல் வாந்தி பேதியோடு கிடக்கும்போது அதைத் தொடர்ந்தால் சுகர் அளவு அதிகம் ஏறாமலேயே ரத்தத்தில் கீட்டோன் என்கிற அமிலம் ஏறி மயக்கத்துக்குக் கொண்டுபோய்விடும். இன்சுலின் போடுகிறவர்கள் மட்டும், சாப்பிடவில்லையே என்று தாங்களாக முழுசாக நிறுத்தக் கூடாது, அளவைக் கேட்டு மாற்றவேண்டும்.

காய்ச்சலுக்கும் வயிற்று வலிக்கும் பாராசிட்டமால் போதும், இரண்டு மாத்திரைக்கு நடுவில் ஆறு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். பெயர் தெரியாத அந்த இரண்டில் ஒன்று டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையாக இருக்க வாய்ப்பு உண்டு, நீர் வற்றின கிட்னியை அதுவும் கெடுக்கும்.

ஓ.ஆர்.எஸ். தாராளமாகக் கொடுங்கள், சுகர் ஆளுக்கும் கொடுக்கவேண்டியதுதான். ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், அதாவது ஒரு டம்ளரில் 3 கிராம்கூட வராது. அண்ணி கொடுக்கிற ரஸ்க் ஒன்றிலேயே அதைவிட மாவும் சர்க்கரையும் அதிகம். அந்தக் குளுக்கோஸ் தெம்புக்காகப் போட்டது என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். குடலில் குளுக்கோஸும் உப்பும் ஜோடி சேர்ந்தால் மட்டும் உள்ளே போகிற ஒரு வழி இருக்கிறது, அவை போகும்போது தண்ணீரும் பின்னாலேயே இழுபட்டுப் போகும். எவ்வளவு பேதி போனாலும் அந்த வழி அநேகமாக அடைபடாது. வெறும் தண்ணீரையோ டீத்தண்ணியையோ குடித்தால் அந்த ஜோடி இல்லை. ஒவ்வொரு தடவை போய்வந்த பிறகும் ஒரு டம்ளரிலிருந்து இரண்டு டம்ளர் வரை, மடக் மடக்கென்று இல்லாமல் வாய் வாயாக. வாந்தி வந்தால் பத்து நிமிஷம் விட்டு மறுபடி ஸ்பூனால் தொடங்குங்கள்.

சோறு நிறுத்தவேண்டாம். கஞ்சியில் உப்புப் போட்டு, குழைந்த சாதத்தில் மோர் ஊற்றி, இட்லி, வாழைப்பழம் என்று அவர் கேட்கிற அளவுக்குக் கொடுங்கள். பால், காப்பி, கலர் சோடா, பாக்கெட் ஜூஸ் வேண்டாம், அந்தச் சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியை அதிகமாக்கும். தேவாரம் வாசி ஐயா சொன்ன கட்டன் சாயா எலுமிச்சை ஒரு டம்ளர் குடித்தால் கெடுதல் இல்லை, ஆனால் அதை நம்பி ஓ.ஆர்.எஸ்.ஸை விடுவது ஆபத்து. மாதுளைத் தோல் சமாச்சாரம் காய்ச்சல் இல்லாத சாதாரண பேதிக்கு எப்படியோ, இங்கே வேண்டாம். இளநீரில் பொட்டாசியம் நிறைய, உப்பு கம்மி. கிட்னி எப்படி இருக்கிறது என்று தெரியாதபோது, அதுவும் டெல்மிசார்ட்டன் போடுகிற ஆளுக்கு, வரிசையாக இளநீர் வெட்டிக் கொடுக்காதீர்கள்.

ஜீப்காரத் தம்பி கேட்ட கேள்வி மிகச் சரியான கேள்வி. இவருக்குக் காய்ச்சல் அடிப்பதாலும் கடுப்பு இருப்பதாலும் கிருமிதான் என்று தோன்றுகிறது, இருந்தாலும் தோட்டத்து மருந்து விவரத்தையும் சொல்லிவிடுங்கள். கெண்டைக்கால் சதை தொட்டாலே வலிக்கிறதா, கண் சிவந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் எலிக்காய்ச்சலையும் யோசிக்கவேண்டும், இடுக்கிப் பக்கம் மழையில் சேற்றில் நின்று வேலை செய்கிறவர்களுக்கு அது வருவது உண்டு, வயிற்றுப்போக்கோடும் தொடங்கலாம்.

போகிற வழியில் ஒன்று கேளுங்கள்: கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தார், என்ன நிறம்?

குமுளி மருந்துக்கடை:

டாக்டர் எல்லாம் சொல்லிவிட்டார். நான் கடைப் பக்கத்துச் சமாச்சாரம் சொல்கிறேன், குமுளியில் ஃபார்மசிஸ்டாக இருக்கிறேன்.

ஓ.ஆர்.எஸ். வாங்கும்போது பவுடர் பாக்கெட்டாகக் கேட்டு வாங்குங்கள், அதில் உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று அச்சிட்டிருக்கும். பின்பக்கம் சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5, சோடியம் சிட்ரேட் 2.9, குளுக்கோஸ் 13.5 என்று ஒரு லிட்டருக்கான கணக்கு இருக்கவேண்டும். ஆரஞ்சு, ஆப்பிள் என்று படம் போட்டு டப்பாவில் வருகிற இனிப்புத் தண்ணீர் இத்தனை வருஷமாக அதே மூன்று எழுத்தை ஒட்டிக்கொண்டு விற்றது, உப்பு கம்மி, சர்க்கரை பல மடங்கு. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் வருஷக்கணக்காக இதை எதிர்த்துப் போராடினார், கடைசியில் 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அப்படிப் பெயர் வைக்கக் கூடாது என்று தடை போட்டது. பெயர் மாறினாலும் பழகினவர்கள் அதையே கேட்டு வருகிறார்கள். சுகர் ஆளுக்கு அது கொஞ்சமும் ஆகாது.

கலக்குவதிலும் ஜனங்கள் நிறையத் தப்பு செய்கிறார்கள். ஒரு லிட்டர் பாக்கெட்டை டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டிக் கலக்கினால் ஒரு டம்ளர் உப்புக் கரிக்கும், அடுத்தது சப்பென்று இருக்கும். முழு பாக்கெட்டையும் ஒரு லிட்டர் கொதித்து ஆறின தண்ணீரில் மொத்தமாகப் போடுங்கள், லிட்டர் பாட்டில் இருந்தால் அதுவே அளவு. 200 மில்லிக்கான சின்ன பாக்கெட்டும் வருகிறது, அதை லிட்டரில் போட்டுவிடாதீர்கள். கலக்கினதை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. அதில் எலுமிச்சை, குளுக்கோஸ் பவுடர், கூடுதல் சர்க்கரை எதுவும் சேர்க்கவேண்டாம். நடுராத்திரி பாக்கெட் கிடைக்கவில்லை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர், சர்க்கரை டீஸ்பூனால் தலைதட்டி 6, உப்பு தலைதட்டி அரை. உப்பு கூடிவிட்டால்தான் ஆபத்து, கண்ணீர் உப்பை விட அதிகமாகத் தெரிந்தால் கொட்டிவிட்டு வேறு கலக்குங்கள்.

சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் கேட்டால் எங்கள் கடையில் கொடுப்பதில்லை. 2024 ஜனவரியில் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆபரேஷன் அம்ரித் என்று கடை கடையாகச் சோதனையை ஆரம்பித்ததிலிருந்து இங்கே கெடுபிடி. கோபித்துக்கொண்டு கீழே தமிழ்நாட்டுப் பக்கம் இறங்கி வாங்கிக்கொள்கிறேன் என்று போகிறவர்கள் உண்டு. சட்டம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். பெயர் தெரியாமல் வெட்டிக் கொடுத்த மாத்திரையை என் சொந்தத் தம்பி கொடுத்தாலும் நான் போடமாட்டேன்.

கூடலூர்க்காரி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று நாலு மணிக்குள் ஜி.எச். கொண்டுபோய்விட்டோம். டாக்டர் கேட்டதை ஆட்டோவிலேயே கேட்டேன், காலையிலிருந்து சிறுநீரே போகவில்லை என்றார், ஆட்டோவை விட்டு இறங்கும்போது கண் இருட்டித் தள்ளாடினார். பிரஷர் 90க்கும் கீழே இருந்ததால் உடனே டிரிப்ஸ் போட்டார்கள், ராத்திரிக்குள் சிறுநீர் வந்தது. அதற்கப்புறம் கையில் ஓ.ஆர்.எஸ். பாட்டிலைக் கொடுத்து இனி இதுதான் மருந்து, குடிக்க வைக்கவேண்டியது உங்கள் வேலை என்று நர்ஸம்மா அண்ணியிடம் சொல்லிவிட்டார். மலத்தில் சீழ் அணுவும் ரத்த அணுவும் இருக்கிறதாம், என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். கிட்னி வேலையைக் காட்டுகிற கிரியேட்டினின் கூடியிருக்கிறது, மறுபடி பார்ப்பார்கள். மெட்ஃபார்மின், பிரஷர் மாத்திரை இரண்டையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அஜித்ரோமைசின் என்கிற கிருமி மருந்தை ஆரம்பித்திருக்கிறார்கள். மருந்து அடித்ததைக் கேட்டேன், இந்த வாரம் அடிக்கவில்லையாம்.

லயத்தில் இன்னும் நாலைந்து பேருக்கு இதே மாதிரி என்று போனில் சொன்னார்கள், இரண்டு பேர் சின்னப் பிள்ளைகள். அண்ணன்தான் அங்கே தன்னோடு தங்குகிறவர்களுக்கெல்லாம் சேர்த்துச் சமைப்பார். வியாழக்கிழமையே மேலே போகணும், கூலி போகும் என்கிறார். போகலாமா? அண்ணி இன்னமும் ஒரு பாட்டில் ஏற்றினதால்தான் பிழைத்தார், தண்ணீர் குடித்து என்ன ஆகப்போகிறது என்கிறார், அவருக்கு என்ன சொல்வது?

ஏலக்காட்டு ஜீப்:

பிள்ளைகளை இன்று காலையில் நானே புற்றடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டேன் அக்கா. ஒரு பிள்ளைக்கு ரத்தமாகவே போனது, அதை மட்டும் கட்டப்பனைக்கு அனுப்பினார்கள். மேனேஜரிடம் சொன்னேன், முதலில் அதெல்லாம் வழக்கமாக வருவதுதானே என்றார், ஆஸ்பத்திரியிலிருந்தே எத்தனை பேர், எந்தத் தண்ணீர் என்று விசாரித்து ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்றதும் டேங்கைக் கழுவச் சொல்லிவிட்டார். குடிக்கிற தண்ணீர் இப்போதைக்கு ஜீப்பில் கேனில் போகிறது. 2020 டிசம்பரில் கோழிக்கோடு கோட்டப்பறம்பில் ஷிகெல்லா வந்து ஒரு பையன் செத்துப்போனானே, அப்போதும் கிணற்றுத் தண்ணீரைத்தான் சந்தேகப்பட்டார்கள். அதைச் சொல்லித்தான் பேசினேன்.

எல்லையோர டாக்டர்:

சரியான நேரத்தில் கொண்டுபோயிருக்கிறீர்கள். பிரஷர் அவ்வளவு இறங்கினபோது டிரிப்ஸ் போட்டதுதான் சரி. குடிக்க முடியாதவர், நினைவு மங்கினவர், வாந்தி நிற்காதவர், பிரஷர் விழுந்தவர், இவர்களுக்கு ஊசி வழியாகத்தான் நீர் போகவேண்டும். மற்றவர்களுக்கு வாய் வழியே போதும். அண்ணிக்கு இதைச் சொல்லுங்கள்: 1971ல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்காளத்தில் பொங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது, தரையில் படுத்துக் கிடந்தார்கள், ஏற்ற பாட்டில் தீர்ந்துவிட்டது. திலீப் மஹாலானாபிஸ் என்ற டாக்டர் உப்பும் குளுக்கோஸும் சோடா உப்பும் கலந்து டிரம்மில் நிரப்பி வைத்து, கூட இருந்த உறவுக்காரர்களையே டம்ளரில் பிடித்து ஊட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்த முகாமில் சாவு நாலு பேருக்கும் கீழே இறங்கியது. அங்கே ஊட்டியவர்கள் எல்லோரும் அண்ணி மாதிரி வீட்டு ஆட்கள்தான்.

வியாழக்கிழமை போகவேண்டாம். கடைசியாகத் தண்ணீராகப் போனதிலிருந்து 48 மணி நேரம் கழிந்தால்தான் வேலைக்கே போகலாம், சமையலைப் பொறுத்தவரை கல்ச்சர் ரிசல்ட் வந்து டாக்டர் சரி என்று சொல்லும்வரை வேறு யாராவது செய்யட்டும். ஷிகெல்லா மாதிரிக் கிருமிக்கு ஒட்டிக்கொள்ளக் கொஞ்சூண்டு இருந்தால் போதும், பேதி நின்ற பிறகும் மலத்தில் சில வாரம் வரை வரலாம். கக்கூஸ் போய்வந்து சோப்புப் போட்டுக் கை கழுவுவதை வீட்டிலும் எல்லோரும் கறாராகச் செய்யுங்கள், அவர் துணியைத் தனியாக வெந்நீரில் துவையுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் ஜீப்காரத் தம்பிக்கு: கழுவின டேங்கில் குளோரின் போடச் சொல்லுங்கள். நல்ல பிளீச்சிங் பவுடர் 1000 லிட்டருக்கு இரண்டரை கிராம், தெளிந்த தண்ணீராக இருக்கவேண்டும், போட்டு ஒரு மணி நேரம் விட்டுத்தான் எடுக்கவேண்டும். கலங்கின படுதாக்குளத்துத் தண்ணீரில் அந்த அளவு கேட்காது, அதைக் குடிக்கவே எடுக்கக் கூடாது. கொதிக்க வைப்பதென்றால் தளதளவென்று ஒரு நிமிஷம் கொதித்தால் போதும். லயத்தில் எல்லோரும் செய்கிற ஒரு காரியம், பதிமுகம் என்கிற மரச்சீவலைப் போட்டுச் சிவக்கக் கொதிக்க வைத்துவிட்டு, சூடாக இருக்கிறது என்று பாதிக்குப் பச்சைத் தண்ணீரை ஊற்றி ஆற்றுவது. அப்படிச் செய்தால் கொதிக்க வைத்ததே வீண்.

மற்றவர்களில் யாருக்கு ரத்தம் போகிறதோ, காய்ச்சல் இரண்டு நாளுக்கு மேல் நீடிக்கிறதோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லையோ, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறதோ, கர்ப்பிணியோ, 65 தாண்டினவரோ, அவர்களைக் காத்திருக்க வைக்காமல் இறக்கிவிடுங்கள். பிள்ளைகளுக்கு ஓ.ஆர்.எஸ்.ஸோடு ஜிங்க் மாத்திரையும் கொடுத்திருப்பார்கள், பேதி நின்றாலும் சொன்ன நாள் வரைக்கும் கொடுக்கவேண்டும்.

உங்கள் அண்ணன் வீட்டுக்கு வந்தபிறகு காய்ச்சல் விட்டு மறுபடி ஏறினாலோ, படிப்படியாக ஒரு வாரம் நீண்டாலோ திரும்ப அழைத்துப் போங்கள், டைபாய்டுக்கு ரத்தக் கல்ச்சர் பார்க்கவேண்டி வரும். வெறும் வைடால் என்கிற ரத்த டெஸ்ட் எடுத்துக்கொண்டு வந்து டைபாய்டு என்று யாராவது சொன்னால் அதை மட்டும் நம்பவேண்டாம். சுகரை வீட்டில் காலையிலும் ராத்திரியிலும் பாருங்கள், 300க்கு மேல் போனால் அன்றே சொல்லுங்கள். கிரியேட்டினின் மறுபடி எடுத்து, நன்றாகச் சாப்பிட்டு நீர் குடிக்கிற நிலைக்கு அவர் வந்தபிறகு, மெட்ஃபார்மினும் அந்த "எச்" மாத்திரையும் எந்த நாளில் ஆரம்பிக்கவேண்டும் என்பதை டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நிறுத்தச் சொன்னதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் பிரஷர் மாத்திரை இல்லாமலேயே இருந்துவிடுகிறவர்கள் எங்களிடம் நிறையப் பேர் வருகிறார்கள்.